அரை மணி விளையாட்டு

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். இளமையில் தாம் கற்ற பள்ளியைப் பற்றிப் பேசுவோர் பலர். தம்மை வளர்த்த நூலகத்தைப் பற்றிப் பேசுவோரும் உண்டு. நான் பேசப் போவதோ ஒரு விளையாட்டுக் கடையைப் பற்றி. பந்தும் மட்டையும் விற்கும் கடை அன்று. டெலிவிஷன் பெட்டியில் விடியோ விளையாட்டு ஆடுவதற்கு அரை மணிக்கு மூன்று ரூபாய் வாங்கிய கடை அது. 1990-களில் கோவையை அடுத்த பீளமேட்டில் சிறுவனாக இருந்த நான் அக்கடைக்கு எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். அங்கே ஆடியது சிறிது. பார்த்ததும் கேட்டதும் எண்ணியதும் மிகுதி.

பீளமேடு எத்தகைய ஊர் என்பதை வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கோவையிலிருந்து அவிநாசி செல்லும் சாலையின் இருமருங்கும் பரவிய ஊர் அது. 1930-களில் பைக்காரா அருவியின் மின்சாரம் சமவெளிக்கு இறங்கி வந்தபோது, பஞ்சாலைகள் பெருகிய ஊர்களுள் அதுவும் ஒன்று. ஆலைகளைத் தொடர்ந்து வார்ப்படப் பட்டறைகளும், பம்பு செட்டுத் தொழிற்சாலைகளும், மோட்டார்க் கூடங்களும் எழுந்தன. 1951-இல் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-இல் கோவை தொழில்நுட்பக் கல்லூரியும் அங்கே தோன்றின. தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிக் கழகமான 'சிட்ரா'வும் அங்கேதான் இருக்கிறது. காலையில் ஆலைச் சங்கும் கல்லூரி மணியும் அடுத்தடுத்துக் கேட்கும் ஊராக அது விளங்கியது.

அவ்வூரில் 'ஹோப் காலேஜ்' என்று ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. புதிதாக வருவோர் அங்கே இறங்கி, அப்பெயருடைய கல்லூரி எங்கே என்று தேடுவர். அப்படியொரு கல்லூரி இப்போது இல்லை. 1945-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் என்பாரின் பெயரால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப் பெற்றது. பின்னர் அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் மாறித் தடாகம் சாலைக்குச் சென்றுவிட்டது. கல்லூரி போயிற்று, பெயர் நின்றுவிட்டது. நான் சொல்லப்போகும் கடைக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. கடையும் போயிற்று, பெயரும் போயிற்று. அதற்குப் பெயர்ப் பலகை இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. 'கேம்ஸ் கடை' என்று சொன்னால் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டு வீடு ஒன்றின் முன்னறைதான் கடை. மூன்று டெலிவிஷன் பெட்டிகள். அவற்றுள் ஒன்று கறுப்பு வெள்ளை. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மர பெஞ்சு. சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அதன் கீழ் ஆணியில் ஒரு சிலேட்டு. கூரையில் ஒரு மின்விசிறி. அறை முழுவதும் வியர்வையும், சூடேறிய பிளாஸ்டிக்கும், பக்கத்துக் கடைத் தேங்காய்ப் பன்னும் கலந்த மணம். சனிக்கிழமை பிற்பகலில் அவ்வறையில் இருபது சிறுவர்கள் இருப்பார்கள். ஆடுவோர் ஆறு பேர், மற்றவர்கள் பார்ப்போர். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. என் தாயார் வாரத்துக்கு மூன்று ரூபாய் தருவார். ஆகவே வாரத்தில் அரை மணி நான் ஆடுபவன். மற்ற நேரமெல்லாம் பார்ப்பவன்.

அங்கிருந்த கருவியின் வரலாறு அறியத்தக்கது. ஜப்பானில் கியோத்தோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தோன்றியது நின்டெண்டோ. அந்நிறுவனம் 1983 ஜூலை 15-ஆம் நாள் 'ஃபேமிக்காம்' என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர் மசயுக்கி உவெமுரா என்ற பொறியாளர். அது உலகெங்கும் புகழ் பெறவே, அதனைப் பார்த்துப் பிற நாடுகளில் பல நகல்கள் செய்யப்பட்டன. நம் நாட்டில் 'மீடியா' முதலிய பெயர்களில் அத்தகைய கருவிகள் வந்தன. எங்கள் கடையில் இருந்தவற்றுள் ஒன்றில் பெயரே இல்லை. மேல்மூடி உடைந்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர்ப் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. கையில் பிடிக்கும் விசைப் பலகையை நாங்கள் 'ரிமோட்டு' என்போம். விளையாட்டு அடங்கிய பெட்டியைக் 'கேசட்டு' என்போம்.

அக்கருவியின் ஆற்றல் எவ்வளவு என்று அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். அதன் வேலை நினைவகம் 2,048 பைட்டுகளே. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசியின் நினைவகம் அதைப் போலப் பல இலட்சம் மடங்கு. 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மேரியோ' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. மலை, கோட்டை, கடல், முப்பத்திரண்டு கட்டங்கள், பாட்டு, பகைவர் எல்லாம் அதற்குள்தான். எப்படி அடங்கின? சிக்கனத்தால் அடங்கின. அவ்விளையாட்டில் வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே வடிவம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். எங்களுள் ஒரு சிறுவன்தான் இதை முதலில் கண்டுபிடித்துக் கூவினான். அதன்பின் எங்கள் கண்ணுக்கு அது மேகமாகவே தோன்றவில்லை. இருப்பதைக் கொண்டு வேண்டியதை ஆக்கும் கலையை ஜப்பானியப் பொறியாளர்கள் செய்து காட்டியதைப் பீளமேட்டுச் சிறுவன் ஒருவன் கண்டுகொண்டான் அல்லவா? அவனுடைய தாயார் பழைய சேலையைத் தொட்டிலாக்கி, தொட்டில் கிழிந்தபின் கைப்பிடித் துணியாக்கியவர். அவனுக்கு அது விளங்கியதில் வியப்பில்லை.

கணக்கும் அங்கே கற்றோம். ஒரு கேசட்டின் மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சிட்டிருக்கும். நாளுக்கு ஒன்று ஆடினாலும் இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று மனத்தில் வகுத்துப் பார்த்து மகிழ்ந்தோம். ஆடத் தொடங்கிச் சில நாள் கழிந்தபின் உண்மை புலப்பட்டது. உள்ளே இருந்தவை பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளே. அவையே வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்குமாறு அமைத்துத் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருந்தன. ஒரு மாணவன் தன் ஏட்டில் பட்டியல் போட்டு, எது எதனுடைய மறுபதிப்பு என்று குறித்துக்கொண்டு வந்தான். பெரிய எண்ணைக் கண்டால் உடனே நம்பிவிடாமல் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு அக்கேசட்டு நினைவுக்கு வருகிறது.

எல்லாரையும் திகைக்க வைத்தது வாத்து வேட்டை விளையாட்டு. பிளாஸ்டிக் துப்பாக்கியைத் திரையை நோக்கி நீட்டி விசையை அழுத்தினால், பறக்கும் வாத்து விழும். துப்பாக்கியில் குண்டு இல்லை. திரையில் ஓட்டை இல்லை. பின் வாத்து எப்படி விழுகிறது? துப்பாக்கியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று புறப்படுகிறது என்று சிலர் சாதித்தனர். ஒருவன் குறுக்கே கையை நீட்டிக் கதிர் சுடுகிறதா என்றும் பார்த்தான். பல ஆண்டுகள் கழித்துப் பொறியியல் படிக்கும்போதுதான் விடை கிடைத்தது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே செல்வதில்லை. ஒளிதான் உள்ளே வருகிறது. விசையை அழுத்திய உடனே திரை முழுவதும் ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணர்வி அவ்வெள்ளையைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். இவையனைத்தும் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும்.

திரை ஏன் முதலில் கறுக்க வேண்டும்? துப்பாக்கியை எரியும் விளக்கை நோக்கிப் பிடித்தால் எப்போதும் ஒளி தெரியுமே. அப்படிப் பிடிப்பவனுக்கு எல்லா வாத்தும் விழுந்துவிடுமே. முதலில் இருளும் பின்னர் ஒளியும் வந்தால்தான் கருவி நம்பும். எங்கள் கூட்டத்தில் பல்பை நோக்கிச் சுட்டவர்களும் இருந்தனர். அவர்களுக்கு ஒரு வாத்தும் விழவில்லை. இன்றைய தட்டைத் திரைகளில் அந்தப் பழைய துப்பாக்கி வேலை செய்யாது. படம் திரையை அடைவதில் சிறு தாமதம் உண்டு. அத்தாமதத்தைத் துப்பாக்கி பொறுப்பதில்லை.

உலகம் எங்கெங்கிருந்தோ அவ்வறைக்கு வந்தது. மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் 'டெட்ரிஸ்' விளையாட்டு, 1984-இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் ஆக்கியது. நான்கு சதுரங்களை ஒட்டிச் செய்த ஏழு வடிவங்களே அதன் துண்டுகள். 'கான்ட்ரா' என்ற விளையாட்டிலோ ஒரு மந்திரம் இருந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பின்னர் இரு விசைகள். தொடக்கத்தில் இதனை அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்கும். வேறொரு விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற ஜப்பானியர் 1986-இல் அமைத்துக்கொண்ட குறுக்குவழி அது. அவர் 2020-இல் மறைந்தார். எந்தப் புத்தகமும் எங்களிடம் இல்லை. எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. ஆனாலும் அம்மந்திரம் வாய்வழியாகக் கடல் கடந்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தது போல நாங்கள் அதை ஒப்பித்தோம்.

இத்தகைய விளையாட்டுகள் முதலில் எப்படித் தோன்றின என்பதையும் மாணவர்கள் அறிதல் நலம். 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலறிஞர், பார்வையாளர் நாளில் வருவோர் சலிப்படையாதிருக்க, அலைகாட்டியின் திரையில் டென்னிஸ் ஆடச் செய்தார். 1972-இல் 'பாங்' விளையாட்டைச் செய்த ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளருக்கு அது பயிற்சிப் பாடமாகவே தரப்பட்டது. பெரும் வணிகமாகப் பின்னர் வளர்ந்தது, ஆய்வுக்கூடத்தில் விருந்தினருக்குக் காட்டிய வேடிக்கையாகவும், பயிலுநருக்குக் கொடுத்த பாடமாகவும் தொடங்கியது.

இனி, கடையை நடத்தியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நாங்கள் எல்லாரும் 'அண்ணா' என்றே அழைத்தோம். என் தந்தையாரைவிடச் சில ஆண்டுகளே இளையவர், ஆனாலும் அண்ணாதான். ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் நூற்பு இயந்திரம் கவனித்தவர். அக்காலத்தில் கோவைப் பகுதியின் பழைய பஞ்சாலைகள் பல நலிந்து மூடப்பட்டன. அவர் வேலை பார்த்த ஆலையும் அவற்றுள் ஒன்று. கிடைத்த தொகையில் ஒரு பகுதியை மகளின் திருமணத்திற்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு இக்கடையை வைத்தார். விளையாட்டில் அவருக்கு நாட்டம் இல்லை. ஒருநாளும் அவர் ரிமோட்டைப் பிடித்து ஆடியதை நான் கண்டதில்லை. இயந்திரம் ஓட வேண்டும் என்பதில் மட்டும் அவர் கண் இருந்தது.

கேசட்டு வேலை செய்யாவிட்டால் நாங்கள் அதைக் கழற்றி வாயால் ஊதுவோம். உலகெங்கும் சிறுவர்கள் அப்படித்தான் ஊதினார்கள். அவர் அதைப் பொறுக்கமாட்டார். "கண்ணு, வாயிலே ஈரம் இருக்குது, பித்தளையிலே ஈரம் பட்டா என்னாகும்? உங்க வீட்டுச் செம்புக்குடம் பச்சை பூத்ததைப் பார்த்ததில்லையா?" என்பார். பிறகு பள்ளிப் பையிலிருக்கும் அழிப்பான் ரப்பரை எங்களிடமே வாங்கி, கேசட்டின் விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகளை மெல்லத் தேய்த்துத் துடைத்துப் பொருத்துவார். கருவி ஓடும். ஊதியபோதும் சில வேளை ஓடியது உண்டு. ஆனால் ஓடச் செய்தது காற்றன்று. கழற்றி மறுபடி பொருத்தியதே. காரணம் போலத் தோன்றுவது வேறு, காரணம் வேறு என்பதை அறிவியல் வகுப்பில் கற்கும் முன்பே அவரிடம் கற்றோம். ரிமோட்டின் கம்பி அறுந்தால் பற்றவைப்பது எப்படி என்றும் காட்டிக் கொடுத்தார். மோட்டார் கட்டும் ஊரில் பிறந்த கைக்கு அது இயல்பாகவே வந்தது.

கடைக்கு விதிகள் சில இருந்தன. அரை மணி முடிந்தால் எழுந்துவிட வேண்டும்; வெல்லும் தறுவாயில் இருந்தாலும் சரி. பெரிய பையன் சின்னப் பையனை எழுப்பக் கூடாது. காசு உள்ளவன் தொடர்ந்து இரண்டு முறை ஆட முடியாது. காத்திருப்பவன் ஆடிய பின்னரே மறுமுறை. மோட்டார்ப் பட்டறை முதலாளியின் மகனும், அப்பட்டறையில் மண் சுமப்பவரின் மகனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒருவன் முதல் ரிமோட்டும் மற்றவன் இரண்டாம் ரிமோட்டும் பிடித்து, ஒரே பகைவனை எதிர்த்து ஆடினர். வேறெங்கும் அவர்கள் அருகருகே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இப்போது சிலேட்டுக்கு வருவோம். கடையில் நான் கண்டவற்றுள் மிகச் சிறந்தது அதுவே என்று சொல்வேன். அந்நாளில் மின்வெட்டு அடிக்கடி நேரும். ஒருவன் பன்னிரண்டு நிமிடம் ஆடியிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், மீதிப் பதினெட்டு நிமிடம் யாருடையது? அண்ணா எழுந்து கடிகாரத்தைப் பார்ப்பார். சிலேட்டில் அப்பையனின் பெயரை எழுதி அருகே 18 என்று குறிப்பார். "கரண்டு போனா போவுட்டும். உன்ற நேரம் உனக்குத்தான் சாமி" என்பார். அடுத்த நாளோ அடுத்த மாதமோ வந்தாலும் அப்பதினெட்டு நிமிடம் கிடைக்கும். ஆலையில் வேலை நேரத்தைக் கால் மணிக் கணக்காகப் பிடித்தம் செய்து பார்த்தவர் அவர். பிறருடைய நேரத்தைத் தாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற உறுதி அங்கிருந்து வந்ததோ என்னவோ. சிறுவர்களின் நிமிடத்துக்கும் கணக்கு உண்டு என்று எண்ணிய பெரியவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

1997 நவம்பரில் கோவையில் கலவரம் மூண்டது. 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் மாண்டன. ஊரே அச்சத்தில் உறைந்தது. பல நாள் கடைகள் திறக்கவில்லை. திறந்த பின்னும் பெற்றோர் பிள்ளைகளை வெளியே விடவில்லை. எங்கள் கடைக்கு உறவினர் வீட்டிலிருந்து படித்த ஒரு பையன் வருவதுண்டு; இரண்டாம் ரிமோட்டில் அவனை வெல்ல ஆள் இல்லை. அவன் குடும்பம் அவ்வாண்டு ஊரைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னார்கள். எங்கே போயினர் என்று யாருக்கும் தெரியவில்லை. சிலேட்டில் அவன் பெயரும், பக்கத்தில் 10 என்ற எண்ணும் இருந்தன. கடை மறுபடி திறந்ததும் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் மீதியை ஆடித் தீர்த்தோம். அந்தப் பத்து மட்டும் தீரவில்லை. அண்ணா அதை அழிக்கவும் இல்லை. வாரந்தோறும் சிலேட்டைத் துடைக்கும்போது அந்த ஒரு மூலையை விட்டுத் துடைப்பார்.

அதன்பின் கடை நெடுநாள் நிற்கவில்லை. அக்கருவிகளின் விலை குறைந்து வீட்டுக்கு வீடு வாங்கலாயினர். கணிப்பொறி நிலையங்கள் தோன்றின. 2000-ஆம் ஆண்டில் அவர் கடையை மூடிவிட்டு, மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மூடுவதற்கு முந்திய ஞாயிறன்று எங்களையெல்லாம் அழைத்தார். சிலேட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அரை மணிக்கு மூன்று ரூபாய் எனில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரூபாய். எட்டு நிமிடம் மீதி வைத்திருந்தவனுக்குச் சில்லறை பாராமல் முழு ரூபாயாகக் கொடுத்தார். எனக்கு இரண்டு ரூபாய் கிடைத்தது. எல்லார் பெயரும் அழிந்தன. மூலையில் இருந்த பெயரை மட்டும் விட்டு, சிலேட்டை ஆணியிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பூட்டினார்.

நண்பர்களே, இக்கதையை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? பழைய நாள் பொன்னான நாள் என்று பாடுவதற்காக அன்று. அவ்விளையாட்டுகள் இன்றைய விளையாட்டுகளை நோக்க மிக எளியவை. இன்று கணிப்பொறி விளையாட்டு பல நாடுகளில் பெருந்தொழில். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே வழங்கினர். நான் கேட்க விரும்புவது ஒரு சிறு வினா. விளையாட்டின் கடிகாரம் யார் கையில் இருக்கிறது?

எங்கள் கடையில் நேரத்துக்கு விலை இருந்தது. விலை இருந்ததால் அளவு இருந்தது. அளவு இருந்ததால் முடிவு இருந்தது. கடைக்காரரும் கடிகாரத்தைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். அதற்கு முந்திய தலைமுறையின் விளையாட்டிலும் முடிவு இருந்தது. கிட்டிப்புள்ளும் கோலிக்குண்டும் பொழுது சாய்ந்தால் முடிந்தன. பம்பரம் தானே சாயும். பல்லாங்குழியில் காய் தீரும். ஆடு புலி ஆட்டத்தில் புலி அடைபடும். தாய் ஒருமுறை கூப்பிட்டால் ஆட்டம் கலையும்.

இன்று கைப்பேசியில் வரும் விளையாட்டுகளுள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. விலையில்லை என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நேரத்தை விற்றவருக்கு அரை மணியானதும் உங்களை எழுப்புவதில் ஆதாயம் இருந்தது. அடுத்த பையன் காத்திருந்தான். நேரத்தை இலவசமாகத் தருபவருக்கு நீங்கள் எழாமல் இருப்பதில்தான் ஆதாயம். நீங்கள் இருக்குமளவும் விளம்பரம் காட்டலாம். இடையில் ஆயுதமோ அணியோ வாங்கச் செய்யலாம். ஆகவே அவ்விளையாட்டுகளில் கடைசிக் கட்டம் என்று ஒன்று இருப்பதில்லை. நாள்தோறும் வந்தால் பரிசு. ஒருநாள் தவறினால் இழப்பு. அவை திறமையற்றவர்கள் செய்த பொருள்கள் அல்ல. மிகுந்த திறமையுள்ளோர் எண்ணி எண்ணிச் செய்தவை. அத்திறமை எந்தப் பக்கம் நின்று வேலை செய்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இது வெறும் முதியோர் புலம்பல் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்தது. அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நெடுநேரம் ஆடுபவரெல்லாம் நோயாளர் என்று அது சொல்லவில்லை. தன்னால் நிறுத்த முடியாமை, மற்றக் கடமைகளைவிட விளையாட்டே முதன்மையாதல், தீங்கு நேர்ந்தபின்னும் விடாமை ஆகிய மூன்றும் வழக்கமாக ஓராண்டேனும் நீடித்தால் அது கோளாறு என்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளோ பல குடும்பங்களை அழித்தன. அதனால் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே சட்டம் திறமைக்குரிய மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கவும் இடம் தந்திருக்கிறது.

சட்டம் பணத்தைக் காக்கலாம். நிமிடத்தை நாமே காக்க வேண்டும். சிலேட்டு மாட்டி வைக்க இப்போது கடைக்காரர் இல்லை. ஆடுபவனே கடைக்காரனாகவும் இருக்க வேண்டிய காலம் இது. ஆடத் தொடங்கும் முன், இன்று எவ்வளவு நேரம் என்று உங்களுக்கு நீங்களே ஒரு விலை வைத்துக்கொள்ளுங்கள். தனியே ஆடுவதைவிட ஒரு நண்பனை அருகில் அமர்த்தி ஆடுங்கள். அவன் முறை வரும்போது நீங்கள் எழுந்தாக வேண்டும். ஆடும் விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று ஒரு முறையேனும் கேளுங்கள். மேகமும் புதரும் ஒன்றே என்று கண்டவனுக்கு, ஆட்டத்தில் கிடைத்ததைவிடப் பெரிய இன்பம் கிடைத்ததை நான் நேரில் பார்த்தேன்.

பொறியியலும் கணிப்பொறி அறிவியலும் பயிலும் மாணவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நாளை உங்களுள் சிலர் விளையாட்டுகளை ஆக்குவீர்கள். அருகிலுள்ள விளாங்குறிச்சித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் அமர்ந்தே அதைச் செய்யலாம். அதற்குக் கியோத்தோவுக்குப் போக வேண்டியதில்லை. அப்போது உங்கள் விளையாட்டில் ஒரு கடைசிக் கட்டம் வையுங்கள். ஆடுகிற பிள்ளைக்கு வீட்டில் பாடமும் உறக்கமும் காத்திருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். இடையில் மின்சாரம் போய்விட்டால், அவனுடைய மீதி நிமிடங்களை அவன் பெயரிலேயே எழுதி வையுங்கள்.